கேள்வி உங்களுடையது: சிலந்தி ப்ரூச் அணிந்த நீதிபதி

இரண்டு இதழ்களுக்கு முன், ‘பெண்கள் நீதிபதி ஆனால் தீர்ப்பு மாறிவிடுமா?’ என்று சுரண்டை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் தலைவராக இருந்து 2020-இல் ஓய்வுபெற்ற பிரெண்டா ஹேலின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கேஸ் கட்டு அளவுக்குச் சேர்ந்துவிட்டன. ஆகையால் இந்த வாரம் வரப்புத் தகராறு, வாரிசுச் சான்றிதழ், திரும்பிவந்த காசோலை ஆகிய கேள்விகளுக்கெல்லாம் வாய்தா போட்டுவிட்டு, பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன். காத்திருக்கும் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்; நாற்பதாண்டுத் தொழிலில் வாய்தா வாங்கிப் பழகிய கை இது.

ஐயா, பிரெண்டா ஹேல் பெரிய வக்கீல் குடும்பத்தில் பிறந்தவரா? வீட்டில் முதன்முதலாகச் சட்டம் படிக்க வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் வாழ்க்கையில் ஏதாவது இருக்கிறதா?
– சட்டக் கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

இல்லை அம்மா, அவருடைய வீட்டில் சட்டம் படித்தவர் எவரும் இருந்ததில்லை. தந்தையும் தாயும் ஆசிரியர்கள். 1945 ஜனவரி 31 அன்று லீட்ஸ் நகரில் பிறந்த ஹேல், யார்க்‌ஷயரின் வடபகுதியில் ஸ்கார்ட்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தார். அவ்வூர்ப் பள்ளிக்கு அவருடைய தந்தைதான் தலைமையாசிரியர். ஹேலுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது தந்தை திடீரென்று இறந்துபோனார். மூன்று பெண் மக்களோடு தனித்து நின்ற தாய், எப்போதோ பெற்றிருந்த ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை மறுபடி கையில் எடுத்து, கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை ஆனார். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் உங்களுக்கு, இப்படியொரு டீச்சரம்மாவை நான் தனியாக வருணித்துக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார்.

சட்டத்துக்கு அவர் வந்த கதையிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவருக்கு விருப்பம் வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. பள்ளித் தலைமையாசிரியையோ, ‘உனக்கு வரலாறு இயல்பாக வருகிறதாகத் தெரியவில்லை, சட்டம் படித்துப் பார்’ என்ற பொருளில் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைத் தலைமேற்கொண்டு 1963-இல் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சட்ட வகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே பெண்கள் இருந்தார்கள். 1966-இல் தேர்வு முடிவு வந்தபோது முதலிடம் ஹேலுக்கு. பெண்களுக்கு முழுமையான பட்டம் தர அந்தப் பல்கலைக்கழகம் முன்வந்ததே 1948-இல்தான் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டுக் கொர்னீலியா சொராப்ஜி 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வை எழுதிவிட்டு, பட்டத்துக்காக 1922 வரை, முழுதாக முப்பது ஆண்டுகள், காத்திருந்தார் என்பதும் உங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாமல் போயிருக்கலாம், குறித்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ்டர் தேர்வை அவர் எழுதியது, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில். அதிலும் முதலிடம் பெற்று, 1969-இல், டாக்டர் அம்பேத்கர் பாரிஸ்டர் ஆன அதே கிரேஸ் இன் என்ற லண்டன் பாரிஸ்டர் சங்கத்தின் வழியாகவே அவரும் பாரிஸ்டர் ஆனார்.

இது வ.உ.சி. பிறந்த மண். வெள்ளைக்கார நீதிபதி என்றதும் பின்ஹேயின் பெயர்தான் எங்கள் நினைவுக்கு வருகிறது. நெல்லைச் சீமைக்காரரான நீங்கள் ஒரு பிரிட்டிஷ் நீதிபதியின் புகழ் பாடுவது சரிதானா?
– ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ஓட்டப்பிடாரம்

கோபம் நியாயமானது. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றத்தில் பின்ஹே என்ற நீதிபதி, கப்பல் ஓட்டிய குற்றத்துக்காக என்றே நாம் எல்லோரும் புரிந்துகொண்டிருக்கும் ஒரு ராஜத்துரோக வழக்கில், வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டுகள் தீவாந்தரம், விதித்தார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றமே அந்தத் தண்டனையைப் பெரிதும் குறைத்தது என்றாலும், பின்ஹேயின் பெயர் இந்த மண்ணில் வசைச் சொல்லாகவே நின்றுவிட்டது. நானும் சிறுவயதில் அப்படியே கேட்டு வளர்ந்தவன்.

ஆனால் ஓட்டப்பிடாரத்துக்காரரான உங்களுக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்கும். சிறையிலிருந்து வெளியே வந்தபின் பிழைப்புக்கு வழியின்றி, பறிக்கப்பட்ட வக்கீல் சன்னதை வ.உ.சி. திரும்பக் கேட்டபோது, அதைக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றியை மறவாமல்தான் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று வ.உ.சி. பெயர் சூட்டினார். பின்ஹேயை மன்னிக்காத அதே மனிதர் வாலஸின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார் என்றால், நீதிபதியை ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும் என்பதை நமக்கு முன்பே அவர் தெரிந்து வைத்திருந்தார் என்று ஆகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் சிவகங்கை ஜமீனுக்காகக் காத்தம நாச்சியார் நடத்திய வழக்கு, அன்றைக்கு நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1863-இல் தீர்ப்பு அந்த அம்மாளுக்குச் சாதகமாக வந்தது. அதைச் சொன்ன நீதிபதிகளில் ஒருவர்கூடப் பெண் இல்லை. ஆகவே, ‘பெண் நீதிபதி இருந்தால்தான் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கும்’ என்ற கட்சிக்காரனல்ல நான். பிரெண்டா ஹேல் பின்னாளில் அதே பிரிவி கவுன்சிலிலும் அமர்ந்து வழக்குக் கேட்டவர். நம் மேல்முறையீடுகள் அங்கே போவது 1949-இல் நின்றுபோனதால் நமக்கும் அவருக்கும் தொடர்பில்லாமல் போயிற்று, அவ்வளவே.

பெரிய அளவில் வக்கீலாகத் தொழில் நடத்தாத ஒருவர் உச்ச நீதிமன்றத் தலைமைக்கு எப்படி வர முடிந்தது? இங்கே அப்படி நடக்குமா?
– மூத்த வழக்கறிஞர், தூத்துக்குடி

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன், ஏனென்றால் அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அங்கேயும் நீதிபதி ஆவதற்கு ஒரே பாதைதான் வழக்கமாக இருந்தது: லண்டனில் பெயர்பெற்ற சேம்பரில் சேர்வது, இருபது முப்பது ஆண்டுகள் நின்று வாதாடுவது, மூத்த வழக்கறிஞருக்கான பட்டு அங்கி பெறுவது, பிறகு நீதிபதி நாற்காலி. ஹேல் 1966 முதல் 1984 வரை மான்செஸ்டரில் சட்ட ஆசிரியர். இடையே சில காலம் அந்த ஊர் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தினார் என்றாலும், தொழிலா பாடமா என்று முடிவு செய்ய வேண்டிய கட்டம் வந்தபோது பாடத்தைத் தேர்ந்துகொண்டார். குடும்பச் சட்டம், மனநலச் சட்டம், சமூக நலச் சட்டம் ஆகிய இவையே அவர் நடத்திய பாடங்கள். லட்சக்கணக்கில் கட்டணம் புரளும் வழக்குகள் இவற்றில் வராது. ஆகவே பெரிய வக்கீல்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் குறைவு.

1984-இல் இங்கிலாந்து, வேல்ஸ் சட்ட ஆணையத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அங்கே இருந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் செய்தது, வழக்கில் இருந்து சட்டத்தைப் பார்க்கும் நமக்கு எளிதில் பிடிபடாத வேலை. ஒரு சட்டம் தவறாக இருக்கிறது என்றால் நாம் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுவோம். அவர்கள் அதைப் பிரித்துப்போட்டு மறுபடி எழுதுவார்கள். 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்துக்கு அடித்தளமிட்டவர்களில் அவர் முதன்மையானவர். கணவன் மனைவி பிரியும்போது பிள்ளை யாருடைய ‘கஸ்டடி’ என்று கேட்பதை அந்தச் சட்டம் நிறுத்தியது. பிள்ளை யாருடன் வசிக்கும், யாரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் என்றே அதன் பிறகு கேட்க வேண்டியதாயிற்று. பெற்றோருக்கு உள்ள உரிமை என்று எழுதியிருந்த இடத்தில் பெற்றோருக்கு உள்ள பொறுப்பு என்ற சொல் வந்து அமர்ந்தது. சொல்லை மாற்றினால் ஆயிற்றா என்று கேட்பீர்கள். குடும்ப நீதிமன்ற வராந்தாவில், பண்ட பாத்திரத்தோடு பிள்ளையையும் மனுவில் வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். நம் 1956-ஆம் ஆண்டு இந்து மைனர், கார்டியன் சட்டமும் பிள்ளையின் நலனே தலையாயது என்றுதான் சொல்கிறது. ஆனால் மனுக்களின் மொழி இன்னும் 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டத்தைத் தாண்டி வரவில்லை.

மனத்தளவில் தாமே முடிவெடுக்க இயலாதவர்களுக்காக 2005-இல் அங்கே நிறைவேறிய சட்டத்துக்கும் வேர் அவர் காலத்துச் சட்ட ஆணையத்தில்தான் இருந்தது. இத்தனைக்கும் பிறகு, 1994-இல் உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவின் நீதிபதி. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அங்கே அமர்ந்த இரண்டாவது பெண். 2004 ஜனவரியில், பிரபுக்கள் சபையில் அமர்ந்து நாட்டின் இறுதித் தீர்ப்பைச் சொல்லும் பன்னிரண்டு சட்டப் பிரபுக்களில் ஒருவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் கடைசிப் பெண்ணும் அவரே. 2009 அக்டோபரில் பிரபுக்கள் சபையிலிருந்து நீதிபதிகள் வெளியேறி உச்ச நீதிமன்றமாக மாறினார்கள், 2013-இல் துணைத் தலைவர், 2017-இல் தலைவர்.

இந்தப் பதவிப் பட்டியலைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். 2004 ஜனவரி முதல் 2017 அக்டோபரில் இன்னொரு பெண் வந்து சேரும்வரை, 13 ஆண்டுகளுக்கு மேல், அந்த நாட்டின் உச்சமான அமர்வில் அவர் ஒருவரே பெண். நம் உச்ச நீதிமன்றத்துக்கு பாத்திமா பீவி 1989-இலேயே வந்துவிட்டார்; பின்னாளில் நம் மாநில ஆளுநராக இருந்த அதே பாத்திமா பீவிதான். இந்த ஒரு விஷயத்தில் பதினைந்து ஆண்டுகள் நாம் முந்திக்கொண்டோம். ஆனால் நம் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி நாற்காலியில் இதுவரை ஒரு பெண் அமர்ந்ததில்லை.

‘இங்கே அப்படி நடக்குமா’ என்று கேட்டீர்கள். தலைசிறந்த சட்ட அறிஞர் ஒருவரை நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்க அரசியலமைப்பின் 124-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த வழியில் ஒருவர்கூட இன்னும் நியமிக்கப்படவில்லை.

அந்தச் சிலந்தி விவகாரம் என்ன? யூடியூபில் பார்த்தேன், சரியாகப் புரியவில்லை.
– கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது பற்றிப் பிரிட்டன் நாடாளுமன்றம் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வெளியேறும் நாள் அக்டோபர் 31 என்று குறித்தாகிவிட்டது. பிரதமர் போரிஸ் ஜான்சன், அரசியாருக்கு ஆலோசனை சொல்லி, செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் 14 வரை, ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு, கூட்டத்தொடரை முடித்துவைத்துவிட்டார். ஆலோசனை சொன்னவர் பிரதமர், கையெழுத்து அரசியாருடையது, வழக்கமாக நடப்பது. இதில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை என்று அரசு கேட்டது. இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, ‘ஆமாம், இது அரசியல், எங்கள் வேலையல்ல’ என்றது. ஸ்காட்லாந்து நீதிமன்றமோ, ‘இது சட்டவிரோதம்’ என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்க, இரண்டு மேல்முறையீடுகளையும் உச்ச நீதிமன்றம் சேர்த்துக் கேட்டது. பன்னிரண்டு நீதிபதிகளில் பதினொரு பேர் அமர்ந்தார்கள். மூன்று நாள் வாதம். வாதம் முடிந்த ஐந்தாம் நாள், செப்டம்பர் 24 காலை, தலைவர் ஹேல் தீர்ப்பின் சுருக்கத்தை நேரலையில் வாசித்தார்.

அதன் சாரத்தை ஒரு சிற்றூர் வழக்கறிஞரின் எளிமையோடு சொல்லப் பார்க்கிறேன். அரசனுக்கு உள்ள தனியதிகாரம் எதுவரை என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. 1611 முதல் அது நிலைபெற்ற சட்டம். நாடாளுமன்றம் தன் கடமையைச் செய்ய முடியாதபடி தக்க காரணமின்றித் தடுப்பது அந்த எல்லைக்கு வெளியே போய்விட்ட செயல். ஐந்து வாரம் எதற்கு என்பதற்கு எந்தக் காரணமும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. ஆகவே அந்த ஆலோசனை செல்லாது, அதைத் தொட்டுப் பிறந்த உத்தரவும் செல்லாது. உத்தரவை எடுத்துக்கொண்டு அவைக்குள் நுழைந்தவர்கள் வெற்றுத் தாளைத்தான் எடுத்துக்கொண்டு நுழைந்தார்கள். கூட்டத்தொடர் முடியவே இல்லை. பதினொருவரும் ஒருமனதாகச் சொன்னது இது. மறுநாளே அவை கூடிவிட்டது.

இதை வாசித்தபோது அவர் கறுப்பு உடையில் இருந்தார். தோளருகே உள்ளங்கை மறைக்கும் அளவுக்குப் பெரிய, மின்னும் கால்களை விரித்த ஒரு சிலந்தி ப்ரூச், அதாவது உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகை. தீர்ப்பைப் படித்தவர்களைவிட அந்தச் சிலந்தியைப் பார்த்தவர்கள் அதிகம். சூழ்ச்சிக்காரர் சிக்கிக்கொண்ட வலை என்று ஒரு கூட்டம் பொருள் சொல்ல, மாலைக்குள் சிலந்திப் படம் அச்சிட்ட டி-சர்ட் விற்பனைக்கு வந்துவிட்டது. அவரோ அதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை என்று பிற்பாடு சொல்லிவிட்டார். அவருடைய கணவர் இப்படித் தவளை, பூச்சி என்று ப்ரூச்சுகளாக வாங்கித் தந்துகொண்டிருந்தவர். நம் ஊரில் தீர்ப்புச் சொல்லும் நாளில் நீதிபதி என்ன நிறச் சேலை உடுத்தியிருந்தார் என்பதை வைத்து ராசிபலன் சொல்கிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஜான்சன் அந்தத் தீர்ப்பை மதித்து நடப்பதாகவும் ஆனால் அதில் தமக்கு உடன்பாடே இல்லை என்றும் சொன்னார். தீர்ப்பு தவறு என்று இன்றும் வாதிடும் சட்ட அறிஞர்கள் அங்கே இருக்கிறார்கள். 2022-இல் நிறைவேற்றிய ஒரு சட்டத்தில், நாடாளுமன்றத்தைக் கலைக்கும் முடிவை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதி வைத்துவிட்டார்கள். கலைப்புதான், கூட்டத்தொடர் முடித்துவைப்பு அல்ல. தேர்வில் இந்த வேறுபாட்டைக் கேட்டால் தவறவிடாதீர்கள்.

சட்டசபை, நாடாளுமன்றம் எல்லாம் இருக்கட்டும். வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு அந்த அம்மா என்ன செய்தார்?
– குடும்பத் தலைவி, அம்பாசமுத்திரம்

உங்கள் கேள்விக்கு நேராகவே ஒரு வழக்கு இருக்கிறது அம்மா. லண்டனில் ஒரு பெண், இரண்டு சிறு பிள்ளைகளோடு கணவன் வீட்டை விட்டு வெளியேறி, தங்க இடம் கேட்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனார். ‘கணவர் அடித்தாரா?’ என்று கேட்டார்கள். அடிக்கவில்லை, பிள்ளைகள் முன்னால் கத்துவார், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மாட்டார், பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது என்றார். அடி இல்லையென்றால் அது வன்முறை இல்லை, வன்முறை இல்லையென்றால் திரும்பிப் போகலாம் என்று அலுவலகம் கைவிரித்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2011 ஜனவரியில் ஹேல் எழுதிய முதன்மைத் தீர்ப்பு, வன்முறை என்ற சொல் உடம்பில் படும் அடியோடு நின்றுவிடுவதில்லை, மிரட்டலும் அச்சுறுத்தும் நடத்தையும் அதற்குள் அடங்கும் என்று சொன்னது. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், வாய்ச்சொல்லால், மனத்தால், பணத்தால் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றே எழுதிவைத்திருக்கிறது. ஏட்டில் நாம் முந்தி நிற்கிறோம். ஆனால், ‘அடிச்சானா? காயம் எங்க?’ என்ற முதல் கேள்வி இங்கே மாறிவிட்டதா என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

தோற்ற இடமும் உண்டு. திருமணத்துக்கு முன்பே, ‘பிரிந்தால் உன் சொத்தைக் கேட்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வி 2010-இல் ஒன்பது நீதிபதிகள் முன் வந்தது. அந்த வழக்கில் பணக்காரர் மனைவிதான். நீதிமன்றம் அவ்வொப்பந்தங்களுக்குக் கணிசமான மதிப்புக் கொடுத்தது. எட்டுப் பேர் ஒரு பக்கம், ஹேல் மட்டும் மறுபக்கம். பொதுவாக இப்படிப்பட்ட ஒப்பந்தங்களால் இழப்பது வசதி குறைந்தவர், பெரும்பாலும் அது மனைவி. எட்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உட்கார்ந்து முடிவு செய்யத் தக்க விஷயமா இது என்று சிலர் நினைக்கக்கூடும் என்று தம் தனித் தீர்ப்பிலேயே எழுதிவிட்டார். சக நீதிபதிகளின் முகத்துக்கு நேரே, அச்சில்.

அடிதடி இல்லாத, அன்பான சிறைகளைப் பற்றியும் அவருக்குத் தெளிவு இருந்தது. மூளை வளர்ச்சி குன்றிய சிலரை நல்ல கவனிப்போடு இல்லங்களில் வைத்திருந்தார்கள். சுத்தமான அறை, நேரத்துக்குச் சாப்பாடு, ஆனால் தாமாக வெளியே போக முடியாது. இது சுதந்திரத்தைப் பறிப்பதாகுமா என்று 2014-இல் கேள்வி வந்தபோது, ஆகும் என்றார்: தங்கத்தால் செய்தாலும் கூண்டு கூண்டுதான். தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா என்று உங்கள் ஆச்சி சொல்லியிருப்பார்கள்.

‘அடியாத மாடு படியாது’ என்ற நம்பிக்கையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். பிரம்பைத் தடை செய்தவர் இந்த அம்மையார்தான் என்று பேரன் சொல்கிறான். உண்மையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

தடை செய்தது நாடாளுமன்றம். அந்தத் தடை எங்கள் மத நம்பிக்கைக்கு எதிரானது, பிள்ளைகளை அன்போடு அடித்துத் திருத்த எங்கள் வேதம் அனுமதிக்கிறது என்று சில தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 2005-இல் ஐந்து சட்டப் பிரபுக்களும் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் மற்ற நால்வரும் மதச் சுதந்திரம் எதுவரை என்று நுணுக்கமாக ஆராய்ந்துகொண்டிருக்க, ஹேல் தம் தீர்ப்பைத் தொடங்கிய இடம் வேறு. இது தொடக்கத்திலிருந்தே பிள்ளைகளைப் பற்றிய வழக்கு. பெற்றோருக்காக வக்கீல் வந்தார், ஆசிரியருக்காக வந்தார், அரசுக்காக வந்தார், கீழ் நீதிமன்றத்திலும் சரி இங்கேயும் சரி, பிள்ளைகளுக்காகப் பேச ஒருவரும் வரவில்லையே என்று கேட்டார்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் பழமொழி. அம்பலத்தில் உட்கார்ந்திருப்பவரே எழுந்து, ‘இன்னும் யாரோ பேச வேண்டியிருக்கிறது, அவர் எங்கே?’ என்று கேட்பதை நான் தீர்ப்புகளில் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் வகுப்பு நடத்தி, பின்வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளையைத் தேடிப் பழகிய கண் அது என்பது என் ஊகம். ஆசிரியராகிய உங்களுக்கு அது புரியும். பிரம்பு பற்றிக் கேட்டீர்களே: இங்கும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதற்குத் தடை விதித்தாயிற்று, ஐயா.

பிரிட்டன் நீதிபதிகள் இன்னமும் தலையில் வெள்ளை விக் வைத்துக்கொள்கிறார்களா?
– மாணவர், களக்காடு

குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றங்களில் வைத்துக்கொள்கிறார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் விக்கும் கிடையாது, அங்கியும் கிடையாது; விழா நாட்களில் மட்டும் தங்கச் சரிகை வைத்த கறுப்பு அங்கி. வாதம் கேட்கும்போது சாதாரண உடையில்தான் அமர்வார்கள். சிலந்தி நம் கண்ணில் பட்டதே அதனால்தான். இதற்கிடையில் கத்திரி வெயிலில் கறுப்புக் கோட்டோடு வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நாம்.

ஓய்வு பெற்ற பின் என்ன செய்கிறார்?
– வாசகி, வீரவநல்லூர்

1995-க்கு முன் நியமிக்கப்பட்டவர் என்பதால் 75 வயது வரை பதவியில் இருக்க முடிந்தது. நம் உச்ச நீதிமன்றத்தில் 65. 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் கணவர் ஜூலியன் ஃபராண்ட் மறைந்தார். அவரும் சட்டப் பேராசிரியர், சட்ட ஆணையத்தில் உடன் பணியாற்றியவர். மறு ஆண்டில் ஹேலின் தன்வரலாறு வெளிவந்தது. ஹாங்காங்கின் உச்ச அமர்வில் வெளிநாட்டு நீதிபதியாகவும் பெயர் கொடுத்திருந்தார். 2021-இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபோது நீட்டிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரபுக்கள் சபையில் எந்தக் கட்சியையும் சேராத உறுப்பினராக அமர்கிறார். பிரபுப் பட்டம் பெற்றவர்கள் குலச்சின்னம் ஒன்று வரைந்துகொள்வது அங்கே வழக்கம். அதில் அவர் பொறித்துக்கொண்ட லத்தீன் வாசகத்துக்கு, பெண்கள் எதற்கும் சளைத்தவர்கள் அல்லர் என்று பொருள்.

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். ‘இந்த வழக்கில் யார் குரல் கேட்கவில்லை’ என்று பார்ப்பதுதான் நல்ல நீதிபதிக்கு அடையாளம் என்று அந்த இதழில் எழுதியிருந்தீர்கள். நீதிபதியை விடுங்கள், உங்கள் தொழிலில் நீங்கள் அப்படிப் பார்த்ததுண்டா?
– ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா, சேரன்மகாதேவி

குமாஸ்தாக்களிடம் எதையும் மறைக்க முடியாது. பார்க்காமல் விட்டதைத்தான் சொல்ல முடியும்.

நான் ஜூனியராக இருந்த காலம். நெல்லைச் சீமையின் ஒரு முன்சீப் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை தாவா. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், ஒரு வீடு. அண்ணன் தம்பி இருவர் வாதி, பிரதிவாதி; இறந்துபோன மூன்றாவது சகோதரனின் மனைவி, மூன்றாம் பிரதிவாதி. அந்த அம்மாளுக்கு நாங்கள் ஆஜர். ஆறு ஆண்டுகள் வாய்தாவுக்கு வாய்தா தவறாமல் முதல் பஸ்ஸில் வந்து, வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு ஓலைக் கொட்டான். அதற்குள் மஞ்சள் துணியில் சுற்றிய தீர்வை ரசீதுகள், புருஷன் பெயரில் இருந்த ஒரு பழைய பத்திரம். அதை ஒருநாளும் நாங்கள் வாங்கிப் பிரித்துப் பார்க்கவில்லை, நகல்தான் கட்டில் இருக்கிறதே என்று.

கடைசியில் அண்ணன் தம்பிகள் ராஜிக்கு வந்தார்கள். வீட்டில் ஓர் அறையும் வருஷத்துக்கு இத்தனை கோட்டை நெல்லும் அம்மாளுக்கு என்று எழுதிய ராஜி மனுவில் அவர் கைநாட்டு வைத்தார். வழக்கைக் கூப்பிட்டபோது நீதிபதி நிமிர்ந்து பார்த்து, ‘மூன்றாம் பிரதிவாதிக்குச் சம்மதம்தானா?’ என்று முறைப்படி கேட்டார். சம்மதம் என்று பதில் சொன்னவன் நான். மொத்தம் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

வெளியே வந்தபோது அவர் தூணருகிலேயே உட்கார்ந்திருந்தார். கொட்டானைத் திறந்து, மஞ்சள் துணியை மடிமேல் விரித்து, தாள்களைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, என்னைய எப்பக் கூப்பிடுவாக?” என்று கேட்டார்.